இஸ்கூலும் வெட்னெஸ்டேயும்

என் அப்பா பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருந்தார். ஆறாவதோடு படிப்பு நின்றுபோனவர். ஆனாலும் நாளொன்றுக்கு நூறு இங்கிலீஷ் சொல்லாவது அவர் வாயில் புரளும். இஸ்பேனர், நட்டு, போல்ட்டு, லேத்து, நைட் சிப்டு, ஓ.டி. புதன்கிழமையை அவர் 'வென்ஸ்டே' என்பார். குழாய் ரிப்பேர் பார்க்க வருகிறவர் அவருக்கு 'பிளம்மர்'. நான் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம், தலைக்கனம் ஏறியிருந்த நேரம், இரண்டையும் திருத்தினேன். "வெட்னெஸ்டேப்பா. நடுவுல ஒரு டி இருக்கு. பிளம்பர்னு சொல்லு, அதுல பி இருக்கு பாரு." அவர் "அப்டியா?" என்று கேட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரிய இன்னும் ஆறேழு வருடம் ஆனது. அந்த டியையும் பியையும் இங்கிலீஷ்காரர்கள் எழுதுவதோடு சரி, உச்சரிப்பதில்லை. அப்பா அந்தச் சொற்களைத் தன் ஆங்கிலோ இந்திய ஃபோர்மேனிடமிருந்து காதால் பிடித்தவர். நான் பாடப் புத்தகத்திலிருந்து கண்ணால் பிடித்தவன்.

இப்போது தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில் மாலை வேளையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். வருகிறவர்களில் சிலர் அப்பா மாதிரி, சிலர் அந்த வயதில் நான் இருந்த மாதிரி. அடுத்தவர் இங்கிலீஷைக் கேட்டு எரிச்சல்படுகிறவர்கள் இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. காதால் கற்றவர் செய்யும் பிழை வேறு, கண்ணால் கற்றவர் செய்யும் பிழை வேறு. இது போக மூன்றாவதாக ஒன்று உண்டு. அதில்தான் நிஜமான ஆபத்து இருக்கிறது, அதைப் பார்த்து யாரும் எரிச்சல்படுவதே இல்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

காதால் கற்கும் இங்கிலீஷுக்கு வடசென்னை பழைய விளைநிலம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. பெரம்பூரில் ரயில் பட்டறை, பின்னி மில், துறைமுகம், 1955இல் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை என்று வேலையிடங்கள் வரிசையாக வந்தன. ரயில்வே காலனிகளில் வீட்டுக்குள்ளேயே இங்கிலீஷ் பேசும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்தன. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவரும் கிரேன், வின்ச்சு, ஜெட்டி, லாஞ்சு என்று புழங்கியது இப்படித்தான். ஸ்பெல்லிங் யாரும் சொல்லித்தரவில்லை. காதில் விழுந்ததைத் தமிழ் வாய்க்குத் தகுந்தபடி மடித்து வைத்துக்கொண்டார்கள்.

மடித்ததிலும் ஒரு விதி இருக்கிறது. 'இஸ்கூல்' என்றால் சிரிக்கிறோம். தமிழில் ஒரு சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. ஆக, 'ஸ்கூ' என்று இரண்டு மெய் முட்டிக்கொண்டு வாசலில் நின்றால், முன்னால் ஓர் உயிரெழுத்தைப் போட்டு உள்ளே அழைத்துக்கொள்கிறது நாக்கு. ர, ல ஆகியவையும் சொல்லின் முதலில் வராது என்பது தொல்காப்பியம் சொல்லும் கணக்கு. ராமன் இராமன் ஆனதும், ரங்கன் அரங்கன் ஆனதும், லோகம் உலகம் ஆனதும் இதே வேலைதான். கம்பர் செய்தால் இலக்கணம், கொருக்குப்பேட்டைக்காரர் செய்தால் காமெடி. ஸ்பானிஷ்காரர்களுக்கும் இதே நாக்குதான் போல. லத்தீனில் 'ஸ்கோலா'வாக இருந்தது அவர்களிடம் 'எஸ்குவேலா' ஆகிவிட்டது. அவர்கள் அதை அப்படியே எழுதி, பள்ளிக்கூட வாசலில் போர்டும் மாட்டியிருக்கிறார்கள்.

லைட்டு, டிக்கெட்டு, பேட்டு என்று கடைசியில் ஒட்டும் உகரமும் இப்படித்தான். வல்லின மெய்யில் சொல்லை முடிக்கத் தமிழ் ஒப்புவதில்லை. நாடு, காற்று, பாக்கு என்று குற்றியலுகரம் போட்டுத்தான் முடிக்கும். இங்கிலீஷ் சொல் வந்தாலும் அதே மரியாதை.

அடுத்தது டெக்ஸு. 'டெஸ்க்' என்பதை எங்கள் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். ரிஸ்க் எடுக்காதே என்பது 'ரிக்ஸ் எடுக்காத'. கொரோனா காலத்தில் தெருவெல்லாம் 'மாக்ஸ் போடு, மாக்ஸ் போடு' என்று ஒரே சத்தம். ஸும் க்கும் இடம் மாறிக்கொள்கின்றன, அவ்வளவுதான். தசை 'சதை' ஆனதும் விசிறி 'சிவிறி' ஆனதும் அப்படித்தான். அதற்குப் பள்ளிக்கூடத்தில் இலக்கணத்தில் ஒரு பெயர் வைத்து இரண்டு மார்க்கும் கொடுக்கிறார்கள். இங்கிலீஷிலும் இது உண்டு. கேள் என்று பொருள்படும் 'ஆஸ்க்' பழைய இங்கிலீஷிலேயே இரண்டு விதமாகவும் இருந்தது. 1535இல் அச்சான கவர்டேலின் இங்கிலீஷ் பைபிளில் 'கேளுங்கள், கொடுக்கப்படும்' என்ற வசனம் 'ஆக்ஸ்' என்றுதான் தொடங்குகிறது. இன்று அமெரிக்காவில் அதே 'ஆக்ஸ்' கறுப்பின மக்களைக் கேலி செய்ய எடுக்கும் முதல் ஆயுதம். வேதத்தில் இருந்த சொல் நானூற்றுச் சொச்சம் வருடத்தில் படிக்காதவன் சொல் ஆகிவிட்டது.

சரி, இனி கண்ணால் கற்றவர்களின் கதை.

இங்கிலீஷ் எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே இத்தனை தூரம் விழுந்ததற்குக் காரணம், எழுத்து உறைந்த பிறகும் ஒலி நகர்ந்துகொண்டே இருந்ததுதான். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு வந்ததும் ஸ்பெல்லிங் மெல்ல மெல்ல இறுகிவிட்டது. அதே காலத்தில் நெடில் உயிர்களின் உச்சரிப்போ தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. இது போதாதென்று அறிஞர்கள் வேறு உள்ளே புகுந்தார்கள். கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல் பிரெஞ்சிலிருந்து பி இல்லாமல்தான் வந்தது. லத்தீனில் மூலச்சொல் 'டெபிட்டும்' அல்லவா, அது தெரியவேண்டாமா என்று ஒரு பியைச் செருகினார்கள். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்பதில் இருக்கும் எஸ், அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு லத்தீன் வழிச் சொல்லைப் பார்த்துத் தப்பாக ஒட்டியது. ஆக, அந்த எஸ்ஸை உச்சரிக்கும் நம் பிள்ளை, ஐந்நூறு வருடத்துக்கு முந்திய யாரோ ஒருவரின் பிழைக்கு இன்று அடி வாங்குகிறான்.

கண்ணால் கற்றவர்களை எளிதாக அடையாளம் காணலாம். வெஜிடபிள் அவர்களுக்கு 'வெஜிடேபிள்', சாப்பாட்டு மேசையையும் சேர்த்துக்கொண்டு வரும். கம்ஃபர்டபிளிலும் அதே மேசை. ரசீதைக் குறிக்கும் 'ரிசீட்'டில் ஒரு பி. நம் குற்றமில்லை இது. தமிழில் எழுதியிருப்பதை அப்படியே படித்தால் போதும், ஓர் எழுத்தைக்கூட எழுதிவிட்டு ஒளித்து வைப்பதில்லை. ஐந்து வயதில் பழகிய அந்த நேர்மையை இங்கிலீஷிடமும் எதிர்பார்க்கிறோம்.

பஞ்சர் கடை போர்டைப் பாருங்கள். இங்கிலீஷ் எழுத்திலும் காதில் விழுந்தபடி 'பஞ்சர்' என்று எழுதியிருப்பதைப் படம் எடுத்துப் போட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் இங்கிலாந்தில் அந்தச் சொல்லை உச்சரிப்பதற்கும் நம் பஞ்சருக்கும் இடைவெளி கொஞ்சம்தான். எழுத்தெண்ணி 'பங்க்டூர்' என்று படிக்கிற கல்லூரிப் பையனைவிட, வல்கனைசிங் கடை அண்ணன் அசலுக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

இதே கணக்கு இங்கிலீஷ்காரர்களுக்குத் தலைகீழாகப் பொருந்தும். அவர்கள் தாய்மொழியைக் காதால் கற்றவர்கள், அதனால் எழுதும்போது வழுக்குவார்கள். 'யுவர்', 'யூ ஆர்' இரண்டையும் மாற்றி எழுதுவது, 'குட் ஹாவ்' என்பதை 'குட் ஆஃப்' என்று எழுதுவது எல்லாம் அவர்கள் ஊரில் மக்கள் பல்லைக் கடிக்கும் பிழைகள். நம் பிள்ளைகள் இவற்றை அவ்வளவாகச் செய்வதில்லை. சூப்பர் மார்க்கெட் கவுண்டரில் பத்துப் பொருளுக்குக் 'குறைவாக' என்பதற்கு எந்தச் சொல் போடுவது என்று அங்கே பெரிய சண்டையே உண்டு. டெஸ்கோ கடைக்காரர்கள் 2008இல் இந்த வம்பே வேண்டாம் என்று 'பத்து வரை' என்று பலகையை மாற்றிவிட்டார்கள்.

எரிச்சல் என்பது எப்போதும் பிழையின் அளவுக்கு வருவதில்லை. பேசுகிறவர் எந்தப் பேட்டை என்று காது மோப்பம் பிடிக்கிறது, அப்புறம்தான் பிழையைத் தேடுகிறது. எங்கள் ஊர்த் தமிழுக்கே இது நடக்கிறது. வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்றால் முகம் சுளிப்பார்கள். வேறு ஊர்க்காரர் அதே ழகரத்தை ளகரமாகச் சொன்னால் அவ்வளவு சுளிப்பு இல்லை. ஹெச் என்ற எழுத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் அகராதிப்படி முன்னால் ஹகரம் கிடையாது, 'ஏய்ச்'தான். வட அயர்லாந்தில் ஒருவர் இதில் ஹகரம் போடுகிறாரா இல்லையா என்பதை வைத்து கத்தோலிக்கரா, புராட்டஸ்டன்டா என்று ஊகிப்பார்களாம். ஓர் எழுத்தின் பெயரில் மதமே தெரியும் என்றால், இஸ்கூலில் வியாசர்பாடி தெரியாதா?

சரியாகப் பேசினால் மட்டும் விடுவார்களா என்றால் அதுவும் இல்லை. என் வகுப்பில் ஒரு பையன், மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவன். 'வென்ஸ்டே' என்று பழகிக்கொண்டு போய் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறான். "இன்னாடா, பீட்டர் வுடுற?" என்று ஒரு வாரம் கலாய்த்திருக்கிறார்கள். திரும்ப வந்து, "சார், இங்க ஒண்ணு, அங்க ஒண்ணுன்னு ரெண்டு வெச்சிக்கிறேன்" என்றான். புத்திசாலி.

வெள்ளைக்காரர்கள் எங்கள் ஊர்ப் பெயர்களைப் படுத்தியது தனிக்கதை. எழும்பூரும் திருவல்லிக்கேணியும் எக்மோரும் ட்ரிப்ளிகேனுமாக ஆயின, தண்டையார்பேட்டை 'டோண்டியார்பெட்' ஆனது. 2020 ஜூனில் 1018 ஊர்ப் பெயர்களின் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றத் தமிழக அரசு ஆணை போட்டது. வேலூரை 'வீலூர்' என்று படிக்கும்படி எழுதினால் எப்படி என்று ஊரே கேட்டது. அந்த மாதமே ஆணை வாபஸ் ஆனது.

இலக்கணப் பிழைகளுக்கு வருவோம். இங்கே சுவாரசியம் அதிகம், ஏனென்றால் இவற்றில் பலவற்றின் உள்ளே தமிழ் உட்கார்ந்திருக்கிறது. இப்போது நான் எழுதிய 'ஏனென்றால்' என்பதையே பாருங்கள். ஏன், என்றால். இதை ஒரு தமிழர் இங்கிலீஷில் கொட்டினால் 'ஒய் பிகாஸ்' என்று வராமல் வேறு எப்படி வரும்? 'ஐ ஆம் ஹியர் ஒன்லி' என்பதில் இருப்பது 'இங்கதான் இருக்கேன்' என்பதன் தான். 'டுடே இட்செல்ஃப்' என்பதில் இருப்பது 'இன்னைக்கே' என்பதன் ஏகாரம். ஒற்றை அசையில் தமிழ் முடித்துக்கொள்ளும் அழுத்தத்தை, இங்கிலீஷில் குரலை உயர்த்தித்தான் காட்டமுடியும். குரலை உயர்த்தத் தெரியாதவர் ஒரு சொல்லைச் சேர்க்கிறார். எல்லாப் பழியையும் தமிழ் மேல் போடவும் முடியாது. 'வாட் இஸ் யுவர் குட் நேம்' என்பது 'சுப் நாம்' என்ற இந்தி வழக்கு. நான் அதை முதலில் கேட்டது சௌகார்பேட்டையில் ஒரு துணிக்கடையில்தான்.

'கசின் சிஸ்டர்' என்று சொன்னால், கசின் என்றாலே போதுமே என்று திருத்துவார்கள். போதுமா? பெரியப்பா மகள் எனக்கு அக்கா. மாமன் மகள் முறைப்பெண், கட்டிக்கொள்ளலாம். இங்கிலீஷ் இருவரையும் ஒரே சொல்லில் அள்ளிப் போடுகிறது. அக்காவைக் 'கசின்' என்று மட்டும் அறிமுகம் செய்து வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் பாட்டிக்கு அர்த்தம் சொல்லிப் பாருங்கள். அந்த 'சிஸ்டர்' முறையைக் காப்பாற்றப் போட்ட சொல். நான் அதைத் திருத்துவதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது. வெளிநாட்டு விசா படிவத்தில் மட்டும் எழுதவேண்டாம் என்பேன்.

இன்னொன்று, 'மை மதர், தே டோல்ட்'. அம்மா ஒருவர்தானே, பன்மை ஏன்? 'அம்மா சொன்னாங்க' என்று பேசி வளர்ந்த பிள்ளைக்கு அம்மாவை ஒருமையில் சொல்ல மனசு வராது. இங்கிலீஷுக்கும் இந்த மரியாதைப் பன்மை தெரியாததல்ல. இன்று எல்லோரையும் அழைக்கும் 'யூ' ஒரு காலத்தில் பன்மை. ஒருவரை அழைக்க 'தவ்' இருந்தது. பெரிய மனிதர்களை 'நீங்கள்' என்று அழைத்து அழைத்து, கடைசியில் 'நீ' செத்தே போய்விட்டது. 17ஆம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கடவுள் முன் எல்லோரும் சமம் என்று நீதிபதிகளைக்கூட 'நீ' என்று அழைத்து உதை வாங்கினார்கள். பெரியவர்களையும் வாஞ்சையாக 'இன்னா நீ, துன்ட்டியா?' என்று கேட்கும் எங்கள் ஊர்க் கிழவிகளை அவர்களுக்குப் பிடித்திருக்கும்.

இதுவரை சொன்ன எதிலும் கேட்கிறவருக்கு அர்த்தம் புரியாமல் போவதில்லை. இப்போது அந்த மூன்றாவது வகை. கேட்பதற்குச் சரியான இங்கிலீஷ், அர்த்தம் மட்டும் மாறிப்போகும்.

'ஐ ஹாவ் எ டவுட்.' இலக்கணம் சுத்தம். நமக்கு 'ஒரு சந்தேகம் சார்' என்றால் ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்று அர்த்தம். தமிழில் சந்தேகம் இரண்டு வேலையும் செய்கிறது. இங்கிலீஷில் டவுட் பெரும்பாலும் நம்பிக்கையின்மைதான். மேல்படிப்புக்கு வெளிநாடு போன மாணவன் எழுந்து இதைச் சொன்னால், நான் சொன்னதில் எதை நம்பவில்லை என்று அங்குள்ள பேராசிரியர் யோசிப்பார்.

சொல்லில் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதும் இதில் சேரும். தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே எடையில் சொல்கிறோம். இங்கிலீஷில் ஓர் அசையை உயர்த்தி மற்றதை விழுங்குகிறார்கள். ஃபோட்டோகிராஃபில் முதல் அசை, ஃபோட்டோகிராஃபரில் இரண்டாவது. எல்லா எழுத்தையும் சரியாகச் சொல்லியும் வெளிநாட்டுக்காரர் "என்ன?" என்று மூன்று தடவை கேட்டால், பெரும்பாலும் காரணம் இதுதான். போனில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது வேறு ஒரு வம்பு. எகரத்தின் முன்னால் நமக்கு ஒரு யகரம் தானாக ஒட்டும், எம்.ஜி.ஆர். 'யெம்.ஜி.யார்' ஆவது மாதிரி. எஸ் என்ற எழுத்தைச் சொன்னால் எதிர்முனைக்கு அது 'யெஸ்' என்று கேட்கும், ஆமாம் என்கிறார் என்று காத்திருப்பார்.

எல்லாவற்றையும்விடப் பெரியது அந்த யெஸ்தான். என் வகுப்புக்கு வரும் ஒரு பெண், மாமியாரை மருத்துவமனையில் சேர்த்திருந்தார். டியூட்டி டாக்டர் வெளி மாநிலத்துக்காரர், தமிழ் தெரியாது. "காலையில் இன்சுலின் போடவில்லையா?" என்று இங்கிலீஷில் கேட்டார். அந்தப் பெண் "யெஸ், டாக்டர்" என்றார். 'ஆமாம், போடலை' என்பது அவர் மனசில். டாக்டருக்குக் கேட்டது 'போட்டாச்சு'. பக்கத்தில் இருந்த நர்ஸ் அக்கா "இன்னும் போடல, டாக்டர்" என்று குறுக்கிட்டதால் தப்பித்தது.

தமிழில் ஆமாம் என்பது கேட்டவர் வாக்கியத்தை ஒப்புக்கொள்ளும் சொல். "சாப்பிடலையா?" "ஆமா, சாப்பிடல." ஜப்பானியரும் கொரியரும் இப்படித்தான் பதில் சொல்வார்கள். இங்கிலீஷில் கேள்வி எப்படி வந்தாலும் கவலையில்லை, காரியம் நடந்திருந்தால் யெஸ், நடக்காவிட்டால் நோ. ஆனால் இங்கிலீஷும் ஒரு காலத்தில் இவ்வளவு எளிமையாக இல்லை. நேர்மறைக் கேள்விக்கு 'யே', 'நே' என்று ஒரு ஜோடி, எதிர்மறைக் கேள்விக்கு 'யெஸ்', 'நோ' என்று வேறு ஜோடி. பைபிளை மொழிபெயர்த்த டிண்டேல் இதைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று 1532இல் சர் தாமஸ் மோர் என்ற அறிஞர் பிடித்துக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், மோர் எழுதிய விதியும் அதற்கு அவரே கொடுத்த உதாரணமும் ஒன்றுக்கொன்று முரண். முந்நூறு வருடத்துக்கு மேல் அதை யாரும் கவனிக்கவும் இல்லை. திருத்த வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மோர் ஞாபகம் வரும். அப்பாவிடம் வெட்னெஸ்டே பற்றிப் பாடம் எடுத்த என் ஞாபகமும்தான்.

அந்த இன்சுலின் சம்பவத்துக்குப் பிறகு வகுப்பில் முதல் வாரம் முழுக்க யெஸ், நோ மட்டும்தான். இஸ்கூல் அப்படியே இருக்கட்டும், பத்தாவது வாரம் பார்த்துக்கொள்ளலாம். "யூ டிட்ன்ட் ஈட்?" "நோ சார்." "யூ டோண்ட் ஹாவ் எ பென்?" "நோ சார்." இப்படியே மாற்றி மாற்றிக் கேட்பேன். இருபது நிமிடத்தில் எல்லோரும் தேறிவிட்டதாகத் தோன்றும். போன வெள்ளிக்கிழமை முடியும் நேரம், பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கத் தொடங்கியவர்களிடம், பயிற்சி என்று சொல்லாமல் சும்மா கேட்டேன். "சோ, யூ ஆர் நாட் கமிங் டுமாரோ?"

"யெஸ் சார்!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் பாதிப் பேர் வந்திருந்தார்கள்.